பஸ்ஸைக் கோஸ்தான் எடுங்க, டீச்சர்

அன்புள்ள தம்பிக்கு,

இந்நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. காலையில் கண் விழித்ததும் கைப்பேசியில் இவ்வளவு நீளமாக எழுத்தைப் பார்த்தால் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுவாய். ஒன்றும் ஆகவில்லை. அப்பா தூங்குகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக வேண்டும். அவர் எழுவதற்குள் முடித்துவிடலாம் என்று சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் இன்னும் படுக்கவில்லை, எனக்கு இன்றைய நாளே முடியவில்லை. பகலில் எழுதியிருக்கலாமே என்பாய். பகலில் எனக்குப் பதில் தெரிந்திருந்தது, தம்பி. அதனால் எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் பேசி முடித்த பிறகு நீ அனுப்பிய செய்தியை இன்று பகல் முழுக்கத் திறந்து திறந்து பார்த்தேன். நான் பார்த்துவிட்டேன் என்று அந்த நீலக் கோடுகள் உனக்குச் சொல்லியிருக்கும். பார்த்தும் பதில் போடாத அம்மாவைப் பற்றி நீ என்ன நினைத்தாயோ. "இருக்கவா, போகவா? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள வினோத்துக்குச் சொல்லணும். இருன்னு சொன்னீங்கன்னா உங்க பழைய கணக்கு அட்டைய போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த வாரம் சார் மறுபடி வர்றாரு." இவ்வளவுதான் உன் செய்தி. இதற்கு ஒரு வார்த்தை போதும் என்றுதான் நானும் நினைத்தேன். "இரு" என்று அடித்தேன். பிறகு அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். ஏன் அழித்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில், நான் புரிந்துகொண்டதை என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். ஆசிரியர் பயிற்சியின் கடைசி ஆண்டில் இருக்கிறாய். லாயாங் லாயாங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் பயிற்சிக்காகப் பாடம் நடத்துகிறாய். உன் பாடத்தைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து வந்த விரிவுரையாளர், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நீ பிரச்சனைக் கணக்கு சொல்லிக் கொடுத்ததைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இந்த வகுப்புல யோசிச்சது நீங்க ஒருத்தர்தான், பிள்ளைங்க யாரும் யோசிக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் மறுபடி வருகிறார். இதற்கு நடுவில் உன் கூட்டாளி வினோத், சிங்கப்பூரில் தான் வேலை செய்யும் கிடங்கில் ஓர் இடம் காலி, வெள்ளிக்குள் சொல் என்கிறான். நீ படிப்பை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறாய். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதில் எது நீ சொன்னது, எது நானாக நிரப்பிக்கொண்டது என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டவர் உன் அப்பா.

நேற்று உன்னோடு பேசிவிட்டு நான் கைப்பேசியை மேசைமேல் வைத்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"பையன் என்ன சொன்னான்?"

"படிப்ப விட்டுட்டு சிங்கப்பூருக்குப் போறானாம்."

"வரட்டும் லா. ஒரே மோட்டார்ல போலாம். பின்னால உட்கார்ந்து என் முதுகுல சாஞ்சு தூங்கிட்டு வரட்டும்."

"எல்லாம் உங்களுக்கு விளையாட்டுதான்."

"சரி, விளையாடல. எதுக்குப் போறேன்னான்?"

"பாடம் சரியா வரலையாம். அந்த சார் ஏதோ சொல்லிட்டாராம். மனசு ஒடஞ்சு போச்சு அவனுக்கு."

"மனசு ஒடஞ்சு போச்சுன்னு அவன் சொன்னானா, இல்ல டீச்சரம்மா நீங்களா எழுதிக்கிட்டீங்களா?"

என்னை அவர் டீச்சரம்மா என்று கூப்பிட்டால் கிண்டல் என்று உனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டது சரிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. நீ பேசப் பேச நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பதில் தயார் செய்துகொண்டிருந்தேன்.

பத்து வயதில் நீ என் வகுப்பில் உட்கார்ந்திருந்த வருடம் நினைவிருக்கிறதா? வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர். முதல் வாரம் நீ மறந்துபோய் வகுப்பில் "ம்மா" என்று கூப்பிட்டுவிட, பிள்ளைகள் எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் சில நேரம் வாய் தவறி டீச்சர் என்பாய். இருபது வயதில் உன்னைப் பெற்றேன். உன்னை மடியில் போட்டுக்கொண்டுதான் பயிற்சிக் கல்லூரிப் பாடங்களைப் படித்தேன். நீ பிறந்த பிறகுதான் எனக்கு எல்லாவற்றுக்கும் அவசரம் வந்தது என்று நினைக்கிறேன். பிள்ளை அழுவதற்குள் பால், விழுவதற்குள் கை, கேள்வி முடிவதற்குள் பதில். அந்த அவசரத்தோடுதான் வகுப்புக்குள்ளும் நுழைந்தேன்.

கதை மாதிரி எழுதியிருக்கும் கணக்குக்கு நம் பள்ளிகளில் பிரச்சனைக் கணக்கு என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை. "எல்லாக் கணக்குமே பிரச்சனைதானே டீச்சர்" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது சொல்லும். கரும்பலகையில் நான் எழுதி முடிப்பதற்குள் கைகள் எழும்பும். கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "டீச்சர், கூட்டணுமா, கழிக்கணுமா?" நீயும் கேட்டிருக்கிறாய், முதல் ஆளாகக் கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் அந்த அட்டையை எழுதினேன். மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதம் என்று வந்தால் கழி, மடங்கு என்றால் பெருக்கு, ஆளுக்கு என்றால் வகு. நான்கு நிறத்தில் நான்கு வரி. பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடினார்கள். தேர்வில் வெற்றுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எதையாவது எழுதிக் கொடுத்தார்கள், பலருக்குச் சரியாகவும் வந்தது. அந்த அட்டையை நான் கேவலமாகப் பேச மாட்டேன். தடுமாறுகிற பிள்ளைக்கு அது ஒரு கைப்பிடி. ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நிற்கிற பிள்ளை படி ஏறாது என்பதைப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

இந்த வருடம் என் வகுப்புக்கு ஒரு பஸ் கணக்கு கொடுத்தேன். மாசாயிலிருந்து ஒரு பஸ் புறப்படுகிறது. முதல் நிறுத்தத்தில் ஆறு பேர் இறங்குகிறார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஒன்பது பேர் ஏறுகிறார்கள். இப்போது பஸ்ஸில் மீதம் இருப்பவர்கள் இருபத்து மூன்று பேர். புறப்படும்போது எத்தனை பேர் இருந்தார்கள்? மீதம் என்ற சொல்லைப் பார்த்ததும் பேனா எல்லாம் ஓடியது. இருபத்து மூன்றில் ஒன்பது போக, ஆறு போக, எட்டு. வகுப்பில் பாதிக்கு மேல் எட்டு. எட்டுப் பேரோடு புறப்பட்ட பஸ்ஸில் ஆறு பேர் இறங்கி ஒன்பது பேர் ஏறினால் பதினொரு பேர்தானே இருக்க முடியும், மற்றவர்கள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸே அவர்கள் கண்ணில் படவில்லை. அட்டை மட்டும்தான் பட்டது. அதை எழுதியவள் நான்.

மறுநாள் அதே கணக்கைப் பெரிய தாளில் எழுதி, எண்கள் இருந்த இடத்தில் எல்லாம் சிறிய காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டு மாட்டினேன்.

"அலமாக் டீச்சர், நம்பர் காணோம்!" இது லோகேஷ். வகுப்பில் எது நடந்தாலும் முதலில் அவன் குரல்தான் கேட்கும்.

"காணோம்தான். என்ன நடந்துச்சுன்னு கதைய மட்டும் சொல்லு."

"நம்பர் இல்லாம எப்படி டீச்சர் கூட்டறது?"

"உன்ன யாரு கூட்டச் சொன்னா?"

"அப்ப கழிக்கணுமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு பேசாமல் நின்றேன். அப்படிச் சும்மா நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகள் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், ஏதாவது சாடை காட்டுவேன் என்று. நான் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர்களும் தாளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் கண்கள் என்னிடம் இருக்கும்போது இருக்கிற அமைதி வேறு, கேள்வியிடம் போன பிறகு இருக்கிற அமைதி வேறு. பாடம் நடத்துகிறவர்கள் பலர் இரண்டுக்கும் பயந்துபோய் நாமே பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

துர்கா என்று ஒரு பிள்ளை. அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். அவள் கையைத் தூக்காமலே கேட்டாள்.

"டீச்சர், பஸ் இப்ப எங்க நிக்குது?"

"ரெண்டாவது நிறுத்தத்துல."

"அங்க எத்தனை பேருன்னு நமக்குத் தெரியும். மாசாய்ல எத்தனை பேருன்னுதான் தெரியாது?"

"ஆமா."

"அப்ப பஸ்ஸைக் கோஸ்தான் எடுங்க, டீச்சர்!"

வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு நம் ஊரில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் கோஸ்தான் என்றுதானே சொல்கிறோம். கணிதப் பாடத்தில் அந்தச் சொல் வந்து விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ரோட்டுல கோஸ்தான் எடுத்தா போலீஸ் பிடிப்பான் லா" என்றான் லோகேஷ். அவள் அவனைக் கண்டுகொள்ளவில்லை. நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போடச் சொன்னாள், கையில் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பீப் பீப் என்று வாயால் சத்தம் கொடுத்துப் பின்னால் நடந்தாள். "ஏறுனவங்கல்லாம் இறங்குங்க! அடுத்த ஸ்டாப்ல, இறங்குனவங்கல்லாம் ஏறுங்க!" ஏறியவர்கள் இறங்க வேண்டும், இறங்கியவர்கள் ஏற வேண்டும். நடந்ததைத் திருப்பினால் எல்லாம் தலைகீழாகும். இதை நான் எந்த அட்டையிலும் எழுதியதில்லை. காகிதங்களைப் பிரித்தோம். இருபத்து மூன்று, ஒன்பது பேர் இறங்கினால் பதினான்கு, ஆறு பேர் ஏறினால் இருபது. லோகேஷ் நம்பவில்லை. இருபது பேரோடு பஸ்ஸை மறுபடி முன்னால் ஓட்டிப் பார்த்து, இருபத்து மூன்றில் வந்து நின்ற பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு கணக்குக்கான குறுக்குவழி என்று நானும் மறந்திருப்பேன். தமிழ்ப் பாடத்தில் அது மறுபடி வந்தது. கூட்டாளியின் சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துப்போய் உடைத்துவிட்ட ஒரு பையனைப் பற்றிக் கட்டுரை. நம் பிள்ளைகளின் கட்டுரைகள் எப்படி முடியும் என்று உனக்குத் தெரியும், நீயும் அப்படித்தான் முடிப்பாய்: அவன் தன் தவற்றை உணர்ந்து மனம் திருந்தினான். லோகேஷ் அப்படி முடித்துவிட்டு வாசித்தான். "கோஸ்தான் எடுப்போம், டீச்சர்" என்றாள் துர்கா. "திருந்துறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"அவங்க அப்பா அடிச்சாரு."

"அடிச்சா நீ திருந்துவியா?"

லோகேஷ் யோசித்தான். "இல்ல. அடுத்த தடவ ஒளிச்சு செய்வேன்."

"அப்ப உன் கதையில இருக்கிறவன் மட்டும் எப்படித் திருந்துனான்?"

அவன் தன் இடத்துக்குப் போய், கடைசிப் பத்தியை அடித்துவிட்டு வேறு எழுதினான். சைக்கிள் இல்லாத கூட்டாளி மழையில் நடந்து வருவதை அந்தப் பையன் கடை வாசலில் ஒதுங்கி நின்று பார்க்கிறான், அவ்வளவுதான் எழுதியிருந்தான். திருந்தினான் என்ற சொல்லே இல்லை. படித்துவிட்டு நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு பாடத்தில் கற்றதை இன்னொரு பாடத்துக்குள் தூக்கிக்கொண்டு வந்தது நான் இல்லை, பிள்ளைகள். கணிதத்துக்கு ஒரு மூளை, தமிழுக்கு ஒரு மூளை என்று மணியடித்து மாற்றிக்கொண்டிருந்தது நாம்தான்.

ஆனால் உன்னிடம் வெற்றிக் கதை மட்டும் சொல்லி ஏமாற்ற மாட்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வாரமே புது அட்டையும் வண்ணப் பேனாவும் வாங்கி, கோஸ்தான் என்று மேலே பெரிதாக எழுதி வகுப்பில் ஒட்டினேன். அடுத்த வாரம் ஒரு கணக்கை எழுதி முடிப்பதற்குள் ஒரு கை எழும்பியது. "டீச்சர், இது கோஸ்தான் கணக்கா, நேர்க் கணக்கா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல் மாறியிருந்தது, நோய் மாறவில்லை. நான் எதை அட்டையில் எழுதினாலும் அது கைப்பிடியாகிவிடுகிறது. அன்று சாயங்காலமே அதைக் கழற்றினேன். தலைமையாசிரியர்கூடக் கேட்டார், ஒரு கணக்குக்கு ஒரு பாடவேளை முழுக்கப் போனால் பாடத்திட்டத்தை எப்போது முடிப்பீர்கள் என்று. அவர் கேட்டதும் நியாயம்தான். சில நாள் அவசரமாக ஓடுகிறேன், சில நாள் நிற்கிறேன். எந்த நாளில் நிற்க வேண்டும் என்று கற்றுக்கொண்டே இருக்கிறேன்.

நீ கேட்ட பழைய அட்டை அலமாரிமேல்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், ஓரம் கரையான் அரித்திருக்கிறது, எழுத்து நன்றாகவே தெரிகிறது. படம் எடுக்கக் கைப்பேசியையும் தூக்கினேன். அனுப்பவில்லை. அடுத்த வாரம் அந்த விரிவுரையாளர் வரும்போது உன் பிள்ளைகள் பாடி, சரியான விடை சொல்லி, நீ தேறிவிடலாம். தேறிவிடுவாய் என்பதுதான் என் பயமே. அதற்குப் பதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கேள்வியை மாட்டு, எண்களை மறை, என்ன நடந்தது என்று கேள், பிறகு வாயை மூடிக்கொண்டு நில். அவர்கள் கண் உன்னை விட்டுக் கேள்வியிடம் போகும்வரை நில். போகாமலே பாடவேளை முடிந்துவிட்டால், முடியட்டும். அதையும் அந்த சார் பார்க்கட்டும்.

உன்னால் முடியுமா என்று எனக்குக் கவலை இல்லை. உன்னை நான் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் பச்சைப் பயறு முளைக்க வைத்த வாரம் நினைவிருக்கிறதா? ஒரு தொட்டி சன்னலோரம், ஒரு தொட்டி இருட்டு அலமாரிக்குள். வெளிச்சத்தில் இருக்கிற செடி நன்றாக வளரும் என்று புத்தகத்தில் இருந்தது. திறந்து பார்த்தால் இருட்டில் இருந்ததுதான் உயரம். மற்ற பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே, சன்னலோரச் செடிதான் உயரம் என்று எழுதினார்கள். நீ எழுதாமல் என்னிடம் வந்தாய். "டீச்சர், பார்த்தத எழுதணுமா, புத்தகத்துல உள்ளத எழுதணுமா?" பார்த்ததை எழுது என்றேன். ஏன் அப்படி என்று கேட்டாய், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ அலமாரிக்குள் தலையை விட்டு ரொம்ப நேரம் பார்த்தாய். வெளுத்துப்போய், மெலிந்து, நீண்டு, கதவின் இடுக்குப் பக்கம் சாய்ந்திருந்தது அது. வெளியே வந்து சொன்னாய்: "அது வளரல டீச்சர், தேடுது." அதைப் பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன், நீ சொன்னது சரிதான். உனக்கு அதற்கு எந்த அட்டையும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது கொஞ்ச நேரமும், பதில் தெரியாத ஒரு டீச்சரும்.

இப்போது அந்த இன்னொரு கேள்விக்கு வருகிறேன். சிங்கப்பூருக்குப் போவது கேவலம் என்று நான் நினைப்பதாக எண்ணிவிடாதே. அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் உன் அப்பா நம்மை வளர்த்தார். அவர் விழித்திருக்கும்போது நீ தூங்கினாய், நீ விழித்திருக்கும்போது அவர் தூங்கினார். அப்படித்தான் உன் சின்ன வயது போனது. ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தை உற்று உற்றுப் பார்ப்பாய், யாரோ விருந்தாளி வந்த மாதிரி. அதை நினைத்துத்தான் நேற்று நீ வினோத் பெயரை எடுத்ததுமே கத்திவிட்டேன். ஆனால் அது என் கலக்கம். அது உன் கேள்வி இல்லை. நீ கிடங்கு வேலையை விரும்பிப் போகிறாயா, வகுப்பறைக்குப் பயந்து போகிறாயா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் பதில் வேறு. எனக்கு நீ இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. மறைக்கவில்லை. ஆனால் இருக்கவா போகவா என்று கேட்டு, அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்காக இருந்துவிட்ட ஒருவன், கூட்டணுமா கழிக்கணுமா என்று கேட்கிற பிள்ளைக்கும் ஒரு வார்த்தைதான் கொடுப்பான். அதனால்தான் அழித்தேன்.

அழித்துவிட்டு, நேற்றைய நம் பேச்சைக் கோஸ்தான் எடுத்துப் பார்த்தேன். கடைசியில் நீ "சரிம்மா, வைக்கிறேன்" என்றாய். அதற்கு முன்னால் நான், "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், ஒழுங்கா இருந்து முடிச்சிட்டு வா" என்றேன். அதற்கு முன்னால் நீ வினோத் சொன்ன வேலையைப் பற்றிச் சொன்னாய். அதற்கு முன்னால் விரிவுரையாளர் சொன்னது. அதற்கு முன்னால் மழையைப் பற்றி, ஹெல்மெட் வாரைப் பற்றி நான் ஏதேதோ கேட்டேன். அதற்கும் முன்னால், எடுத்த எடுப்பில், நீ ஒன்று சொல்ல ஆரம்பித்தாய். "ம்மா, இன்னிக்கு வகுப்புல ஒரு பிள்ளை என்கிட்ட வந்து..." அவ்வளவுதான். அங்கே நான் குறுக்கே விழுந்தேன். "அதெல்லாம் இருக்கட்டும், நீ முதல்ல சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய். பிறகு நீ அந்தப் பிள்ளையிடம் திரும்பிப் போகவே இல்லை. நானும் கேட்கவில்லை. பஸ் அங்கிருந்துதான் புறப்பட்டிருக்கிறது, தம்பி. அங்கே யார் இருந்தார்கள் என்று தெரியாமல்தான் கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டு கூட்டு, கழி என்று உன்னிடம் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளை வந்து என்ன செய்தது? கேட்டதா, சொன்னதா, பேசாமல் நின்றதா? நானாக எதையும் நிரப்பிக்கொள்ளப் போவதில்லை. உள்ளே அப்பாவின் அலாரம் அடிக்கிறது, அவருக்குக் காப்பி போட வேண்டும். வெள்ளிக்கிழமை வினோத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நீயே பார்த்துக்கொள்வாய், வேண்டுமானால் சேர்ந்தும் பார்ப்போம். இப்போதைக்கு நேற்று நான் வெட்டிவிட்ட அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முடித்து எழுது. நான் குறுக்கே பேச மாட்டேன். சீக்கிரம் பதில் எழுது.

அம்மா